அயல்நாட்டு அடக்குமுறையும் நமது குரலும்: தென்னாப்பிரிக்க வரலாற்றிலிருந்து



வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து பள்ளிவாசலின் வெளித்திண்ணையில் நாம் கூடியிருக்கும் வேளைகளில், ஏதேனும் ஒரு நாட்டில் மக்கள் ஒடுக்கப்படும் செய்தி பேச்சிடையே வருவதுண்டு. அப்போது இரண்டு குரல்கள் எழக் கேட்டிருக்கிறோம். "அது அவர்கள் நாட்டு விவகாரம், நமக்கென்ன?" என்பது ஒன்று. "இதைத் தட்டிக்கேட்க உலகில் நாதியே இல்லையா?" என்பது மற்றொன்று. நாட்டின் பெயர் மாறும்போது இவ்விரண்டு குரல்களும் ஒரே மனிதரிடமிருந்து மாறி மாறி வருவதையும் நாம் கண்டிருக்கிறோம். அந்த மனிதர் நாமாகவும் இருந்திருக்கக்கூடும்.

இக்கேள்வியை வாதத்தால் அளப்பதைவிட, ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் உலகம் முழுவதும் விவாதித்துப் பார்த்த ஒரு வரலாற்றைக் கொண்டு அளப்பதே பயன் தரும் என்று கருதுகிறோம். அது தென்னாப்பிரிக்காவின் நிறவெறி ஆட்சியின் வரலாறு. அதனை ஓர் இமாமிடமிருந்து தொடங்குவோம்.

கேப்டவுன் நகரின் கிளேர்மான்ட் பகுதியில் அல்-ஜாமிஆ பள்ளிவாசல் உள்ளது. 1955-ஆம் ஆண்டு அதன் இமாமாகப் பொறுப்பேற்றவர் அப்துல்லாஹ் ஹாரூன். அப்போது அவருக்கு வயது 31. இளமையில் மக்கா சென்று கல்வி பயின்றவர். கிரிக்கெட், ரக்பி ஆட்டங்களில் பெருவிருப்பம் கொண்டவர். நல்ல உடை உடுத்துபவர். குடும்பத்தைக் காக்க மிட்டாய் நிறுவனம் ஒன்றின் விற்பனைப் பிரதிநிதியாகவும் வேலை பார்த்தார். அந்த வேலை அவருக்கு ஒரு கதவைத் திறந்துவிட்டது. கறுப்பின மக்கள் மட்டுமே வாழ அனுமதிக்கப்பட்டிருந்த லங்கா, குகுலெத்து, நியாங்கா ஆகிய குடியிருப்புகளுக்குள் சரக்குடன் சென்றுவர அவரால் முடிந்தது. சிறைப்பட்டோரின் குடும்பங்களுக்கு உதவித்தொகை கொண்டு சேர்த்தார். முஸ்லிம் அல்லாத அம்மக்கள் அவரைத் தங்கள் மொழியில் போதகர் என்றே அழைத்தனர்.

இந்த இன இன்ன தெருவில்தான் வாழவேண்டும் என்று வகுத்த 1950-ஆம் ஆண்டுச் சட்டம், பள்ளிவாசல்களைச் சூழ்ந்திருந்த மஹல்லாக்களையே காலி செய்தது. பள்ளிவாசல் அங்கேயே நிற்க, தொழ வேண்டியவர்கள் வெகுதூரம் துரத்தப்பட்டார்கள். இமாமின் குடும்பமும் அவ்வாறே இடம்பெயர்ந்தது. அச்சட்டம் இஸ்லாத்துக்கு முரணானது என்று இமாமும் அவரைச் சார்ந்த இளைஞர்களும் 1961-ஆம் ஆண்டிலேயே பகிரங்கமாக அறிவித்தனர்.

1966-லும் 1968-லும் இமாம் வெளிநாடு சென்றார். மக்கா, கெய்ரோ, லண்டன் ஆகிய இடங்களில் தம் நாட்டின் நிலையை எடுத்துரைத்தார். லண்டனில் கேனன் காலின்ஸ் என்னும் கிறித்தவப் பாதிரியார் நடத்திவந்த நிதியம், தென்னாப்பிரிக்க அரசியல் கைதிகளின் வழக்குச் செலவையும் குடும்பச் செலவையும் ஏற்றுவந்தது. 1966-இல் தென்னாப்பிரிக்க அரசு அந்த நிதியத்தைத் தடை செய்துவிட்டதால், பிரிட்டனில் உள்ள சாதாரணக் குடும்பத்தினர் நண்பர்களுக்கு எழுதுவதுபோல் கடிதம் எழுதி, அதனோடு பணத்தை அனுப்பிவந்தனர். பெறுபவரை அனுப்புபவர் ஒருபோதும் கண்டதில்லை. வலக்கை தருவதை இடக்கை அறியாத தருமம் என்று நாம் சொல்வோமே, அதை ஒத்திருந்தது இந்த ஏற்பாடு.

1969-ஆம் ஆண்டு மே 28-ஆம் நாள், மீலாது கொண்டாடப்பட்ட வேளையில், பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தின்கீழ் இமாம் கைது செய்யப்பட்டார். வழக்கு இல்லை, விசாரணை மன்றம் இல்லை. 123 நாட்கள் காவலில் வைக்கப்பட்டு, செப்டம்பர் 27 அன்று காவலிலேயே உயிர்நீத்தார். இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். படிக்கட்டில் தவறி விழுந்தார் என்றது காவல்துறை. உடலிலோ இருபதுக்கும் மேற்பட்ட கன்றிய காயங்களும், முறிந்த விலா எலும்பும் இருந்தன. செப்டம்பர் 29 அன்று நடந்த ஜனாஸாவில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் கலந்துகொண்டனர். சந்தூக்கைத் தோள் மாற்றித் தோள் மாற்றி மவ்பிரே கப்ரஸ்தான் வரை நடந்தே சுமந்து சென்றனர். அன்றிரவு கேப் மாகாணத்தில் நிலம் நடுங்கியது. டுல்பா நகரைச் சிதைத்த அந்த நில அதிர்வை இமாமின் அடக்கத்தோடு சேர்த்தே கேப்டவுன் மக்கள் இன்றளவும் நினைவுகூர்கின்றனர்.

சில நாட்கள் கழித்து, அக்டோபர் 6 அன்று, லண்டன் புனித பவுல் பேராலயத்தில் இமாமுக்காக நினைவுக் கூட்டம் நடந்தது. ஒரு முஸ்லிமுக்காக அங்கு அவ்வாறு நடந்தது அதுவே முதல் முறை. ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால் வேற்று மதத்தவர் பேசினார்கள். ஆனால், இமாம் காவலில் இருந்த நான்கு மாதங்களும் உள்ளூர் மார்க்கத் தலைமை ஏன் உரக்கப் பேசவில்லை என்ற மனக்குறை கேப்டவுன் முஸ்லிம்களிடையே நெடுங்காலம் நீடித்தது. உள்ளூரில் இருந்தவர்களுக்கு இருந்த அச்சத்தை வெளியில் இருக்கும் நாம் எளிதாகப் பழித்துவிடக் கூடாது. அவர்களுக்கும் பிள்ளைகள் இருந்தனர், படிக்கட்டுகளும் இருந்தன. அந்த அச்சம் இல்லாத தொலைவில் இருந்தவர்கள் பேசினார்கள் என்பதே ஈண்டு கவனிக்கத்தக்கது.

இனி, "உள்நாட்டு விவகாரம்" என்னும் வாதத்துக்கு வருவோம். தென்னாப்பிரிக்க வரலாற்றில் இவ்வாதம் முதன்முதலில் உரக்க எழுந்ததற்கு நம் சென்னை மாநகரமே காரணமாயிற்று என்பது பலர் அறியாத செய்தி. 1860 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குக் கப்பலேறிய தமிழர்களின் துயரம் நாம் அறிந்ததே. 1906-ஆம் ஆண்டு ஜோகன்னஸ்பர்க்கில் நடந்த கூட்டத்தில், அநீதியான சட்டத்துக்குப் பணிவதில்லை என்று இறைவனைச் சாட்சியாக வைத்து உறுதியெடுக்க வேண்டும் என்று எழுந்து சொன்னவர் ஹாஜி ஹபீப் என்னும் வணிகர். காந்தியடிகளின் சத்தியாக்கிரகம் அங்கிருந்து கிளைத்தது. 1913-இல் போராட்டம் உச்சத்தை அடைந்தபோது, இந்தியாவின் வைஸ்ராய் ஹார்டிஞ்சு பிரபு நவம்பர் மாதம் சென்னையில் பேசுகையில், போராடுவோருக்குத் தம் அனுதாபத்தை வெளிப்படையாகவே தெரிவித்துவிட்டார். தென்னாப்பிரிக்க அமைச்சர்கள் கொதித்தெழுந்தனர். தங்கள் உள்விவகாரத்தில் தலையிட்ட வைஸ்ராயைத் திரும்ப அழைக்குமாறு லண்டனை வலியுறுத்தினர். ஆயினும் விசாரணைக் குழு அமைந்தது. 1914-இல் மூன்று பவுன் தலைவரி ஒழிந்தது. அதற்குள், அதே ஆண்டு பிப்ரவரி 22-இல், சிறையிலிருந்து நோயோடு வெளிவந்த தில்லையாடி வள்ளியம்மை 16 வயதில் இறந்துபோயிருந்தார்.

ஹார்டிஞ்சு பிரபு யார்? முப்பது கோடி மக்களை வாக்குரிமையின்றி ஆண்டுகொண்டிருந்தவர். அவர் சுதந்திரத்தைப் பற்றிப் பேசத் தகுதியுடையவரா என்று கேட்டால், இல்லை என்றே சொல்வோம். ஆனால் அவர் பேசாதிருந்திருந்தால் வள்ளியம்மைக்கு என்ன நன்மை விளைந்திருக்கும்?

இதே முரண்பாடு 1946-இல் இன்னும் பெரிய மேடையில் அரங்கேறியது. இந்தியர்கள் நிலம் வாங்கும் உரிமையைக் குறுக்கும் சட்டத்தை அவ்வாண்டு தென்னாப்பிரிக்க அரசு கொண்டுவந்தது. டாக்டர் யூசுப் தாதூ, டாக்டர் ஜி.எம். நாயக்கர் ஆகியோர் தலைமையில் அறப்போர் தொடங்கியது. இந்தியா இதனை ஐக்கிய நாடுகள் சபைக்குக் கொண்டு சென்றது. விஜயலட்சுமி பண்டிட் அம்மையார் இந்தியக் குழுவுக்குத் தலைமை தாங்கினார். எதிரில் அமர்ந்திருந்தவர் தென்னாப்பிரிக்கப் பிரதமர் ஸ்மட்ஸ். ஐ.நா. சாசனத்தின் முகவுரை உருவானதில் அவருக்கே பெரும்பங்கு உண்டு. மனித உரிமை பற்றி அங்கே எழுத உதவியவர், தம் நாட்டுக் கதவண்டை அது வந்தபோது, உள்நாட்டு அதிகார வரம்பில் ஐ.நா. தலையிடலாகாது என்னும் 2-ஆம் பிரிவின் 7-ஆம் உட்பிரிவைக் கேடயமாகப் பிடித்தார். டிசம்பர் 8 அன்று வாக்கெடுப்பு நடந்தது. ஆதரவு 32, எதிர்ப்பு 15, நடுநிலை 7. மூன்றில் இரண்டு பங்குடன் தீர்மானம் நிறைவேறியது.

அப்போது தென்னாப்பிரிக்கத் தரப்பு, உங்கள் நாட்டில் தீண்டாமை இல்லையா, வகுப்புக் கலவரம் இல்லையா என்று இந்தியாவை நோக்கிக் கேட்டது. கேள்வியில் உண்மை இருந்தது. கேட்டவரின் நோக்கம் தீண்டாமையை ஒழிப்பது அன்று, வாயை அடைப்பது. இன்றும் எந்த நாட்டின் கொடுமையைச் சுட்டினாலும், "முதலில் உங்கள் நாட்டைப் பாருங்கள்" என்ற பதில் வருகிறது. பார்க்கத்தான் வேண்டும். ஆனால் குற்றமற்றவர் மட்டுமே பேசலாம் என்று விதி செய்தால், சிறைக்காவலர்களே அதனை முதலில் வரவேற்பார்கள்.

இந்தியா பேசியதோடு நிற்கவில்லை. அதே 1946-இல் தென்னாப்பிரிக்காவுடனான வணிகத்தை முறித்துக்கொண்டது. அன்று நம் ஏற்றுமதியில் ஏறத்தாழ 5 விழுக்காடு அந்நாட்டுக்குச் சென்றுகொண்டிருந்தது. எழுபதுகளில் கடவுச்சீட்டு எடுத்து வளைகுடாவுக்குச் சென்ற நம் பெரியவர்கள், அதில் தென்னாப்பிரிக்கக் குடியரசுக்குச் செல்லத்தகாது என்று அச்சிட்டிருந்ததைக் கண்டிருப்பார்கள். 1974-இல் டேவிஸ் கோப்பை டென்னிஸ் போட்டியில், சென்னையின் அமிர்தராஜ் சகோதரர்கள் ஆடிய இந்திய அணி ஆஸ்திரேலியாவையும் சோவியத் ரஷியாவையும் வீழ்த்தி இறுதிப் போட்டியை எட்டியது. எதிரணி தென்னாப்பிரிக்கா. இந்திய அரசு ஆட மறுத்தது. கோப்பை ஆடாமலேயே தென்னாப்பிரிக்காவுக்குப் போனது. அந்தக் கோப்பையை இந்தியா இன்றுவரை வென்றதில்லை. உழைத்து மேலே வந்த இளைஞர்களுக்கு அது எத்தகைய இழப்பு என்பதை, அதனை ஆதரிக்கும் நாமும் மறைக்கலாகாது.

வெளியார் புறக்கணித்தால் துன்பப்படுவது அங்குள்ள ஏழைக் கறுப்பின மக்கள்தாமே என்ற வாதமும் நெடுங்காலம் ஒலித்தது. பிரிட்டனின் தாட்சர் அம்மையாரும் அமெரிக்காவின் ரீகனும் எண்பதுகளில் பொருளாதாரத் தடையை எதிர்த்தபோது இதையே கூறினர். ஆனால் இதற்கான விடை 1959-ஆம் ஆண்டே அம்மக்களிடமிருந்து வந்துவிட்டிருந்தது. ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரசின் தலைவர் ஆல்பர்ட் லுத்துலி, டாக்டர் நாயக்கர், லிபரல் கட்சியின் பீட்டர் பிரவுன் ஆகிய மூவரும் தங்கள் நாட்டுப் பொருள்களை வாங்க வேண்டாம் என்று பிரிட்டிஷ் மக்களைக் கேட்டுக்கொண்டனர். அதனால் தம் மக்களுக்குக் கஷ்டம் நேரும் என்பதை அறிந்தே, அதனை ஏற்கச் சித்தமாயிருப்பதாகச் சொன்னார்கள். துன்பத்தைத் தாங்கப்போகிறவரே கேட்கிறார் என்றால், அவருக்காக இரக்கப்பட்டு மறுக்கும் உரிமை நமக்கு எங்கிருந்து வந்தது?

இதற்கு விளக்கமாக ஒரு சிறு நிகழ்ச்சி. 1984 ஜூலையில் அயர்லாந்துத் தலைநகர் டப்ளினில், ஒரு பல்பொருள் அங்காடியில் வேலை பார்த்த மேரி மேனிங் என்னும் 21 வயதுப் பெண், தென்னாப்பிரிக்கப் பம்பளிமாசுப் பழங்களுக்கு விலைச்சீட்டுப் போட மறுத்தார். பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். உடன் வேலை பார்த்த சுமார் பத்துப்பேர் அவரோடு தெருவுக்கு வந்தனர். சொற்பத் தொகையில் வாழ்ந்து ஏறத்தாழ மூன்றாண்டுகள் மறியல் செய்தனர். 1987-இல் தென்னாப்பிரிக்கப் பழங்களுக்கும் காய்கறிகளுக்கும் அயர்லாந்து அரசு தடை விதித்தது. 1990-இல் விடுதலையாகி டப்ளின் வந்த மண்டேலா இவர்களைச் சந்தித்து நன்றி கூறினார். தொடக்கத்தில் தென்னாப்பிரிக்காவைப் பற்றி இவர்களுக்கு அதிகம் தெரியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். தங்கள் தொழிற்சங்கத்தின் முடிவை மதித்தே மறுத்தார்கள். மறியலில் நின்றபோதுதான் கற்றுக்கொண்டார்கள்.

இவ்விடத்தில் நமக்குக் கசப்பான ஒன்றையும் பதிவு செய்ய வேண்டியுள்ளது. 1973-இல் அரபு எண்ணெய் நாடுகள் தென்னாப்பிரிக்காவுக்கு எண்ணெய் விற்பதில்லை என அறிவித்தன. அதன் பின்னும் அந்நாட்டின் எண்ணெயில் பெரும்பகுதி ஷா மன்னரின் ஈரானிலிருந்து 1979 வரை சென்றது. ஈரானில் ஆட்சி மாறிய பின்னர், எண்பதுகளில், வளைகுடா நாடுகள் சிலவற்றின் எண்ணெய் இடைத்தரகர்கள் வழியாகத் தென்னாப்பிரிக்கத் துறைமுகங்களை அடைந்ததை ஆம்ஸ்டர்டாமில் இருந்த ஓர் ஆய்வு நிறுவனம் கப்பல் கப்பலாகக் கணக்கெடுத்து வெளியிட்டது. இமாம் ஹாரூனைக் காவலில் வைத்த அரசின் வாகனங்கள் யாருடைய எண்ணெயில் ஓடின என்று எண்ணும்போது மனம் கனக்கிறது. கண்டனத் தீர்மானங்களுக்குக் கைதூக்குவது எளிது. எண்ணெய்க் கணக்கு வேறு புத்தகத்தில் இருந்தது.

வெளியாரின் எதிர்ப்பே நிறவெறியை வீழ்த்தியது என்று நாம் கூறவில்லை. 1960-இல் ஷார்ப்வில்லில் சுடப்பட்டு இறந்த 69 பேரும், 1976-இல் சொவேட்டோவில் தெருவுக்கு வந்த பள்ளி மாணவர்களும், தொழிற்சங்கங்களும், எண்ணற்ற தாய்மார்களுமே அதனை வீழ்த்தியவர்கள். ஆனால் வெளியாரின் குரல் சில கழுத்துகளைக் கயிற்றிலிருந்து காத்தது என்று நம்ப இடமிருக்கிறது. மண்டேலாவும் அகமது கத்ராடாவும் பிறரும் தூக்குத் தண்டனையை எதிர்நோக்கியிருந்த நிலையில், 1963 அக்டோபரில் அரசியல் கைதிகளை விடுவிக்கக் கோரி ஐ.நா. பொதுச்சபை 106-க்கு 1 என்ற கணக்கில் தீர்மானம் இயற்றியது. எதிர்த்த அந்த ஒரு வாக்கு தென்னாப்பிரிக்காவினுடையது. 1964 ஜூனில் அவர்களுக்கு ஆயுள் தண்டனையே விதிக்கப்பட்டது. ஐ.நா.வில் இப்பணிகளுக்குப் பின்னின்று இரவு பகலாக உழைத்த அதிகாரி, நெல்லூர்ப் பக்கத்தில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்ற இ.எஸ். ரெட்டி. அவர் 2020-இல் மறைந்தபோது நம் நாட்டுச் செய்தித்தாள்களில் அதற்குக் கிடைத்த இடம் மிகக் குறைவு.

எதிர்ப்புத் தெரிவிப்பது வேறு, படையெடுப்பது வேறு என்பதையும் சொல்லியாக வேண்டும். 2003-இல் ஈராக்கின் மீது குண்டு வீசியவர்களும் அந்நாட்டு மக்களின் சுதந்திரத்தையே காரணம் காட்டினர். லுத்துலி கேட்டது பழத்தை வாங்காதீர்கள் என்று. போர் விமானங்களை அனுப்புங்கள் என்று அன்று. பழத்தை வாங்காதவர் தம் கைப்பொருளில் இழந்தார். படை அனுப்பியவரோ அடுத்தவர் உயிரில் செலவு எழுதினார்.

நம் நாட்டின் முறை 1975-இல் வந்தது. ஜூன் 25 அன்று நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. எதிர்க்கட்சித் தலைவர்கள் சிறைப்பட்டனர். செய்தித்தாள்கள் தணிக்கைக்கு ஆளாயின. பல அமைப்புகளுடன் ஜமாஅத்தே இஸ்லாமி ஹிந்தும் தடை செய்யப்பட்டது. 1976 ஏப்ரலில் டெல்லி துர்க்மான் வாயிலில் வீடுகள் இடிக்கப்பட்டு, எதிர்த்த மக்கள்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. தமிழகத்தில் அவ்வாண்டு ஜனவரி 31-இல் ஆட்சி கலைக்கப்பட்ட பின்னர் மிசா என்ற சொல் வீட்டுக்கு வீடு தெரிந்ததாயிற்று. ஜெயப்பிரகாஷ் நாராயணனை விடுவிக்கக் கோரி 1975 ஆகஸ்டு 15 அன்று லண்டன் டைம்ஸ் நாளிதழில் ஒரு விளம்பரம் வெளிவந்தது. வெளிநாட்டு நிருபர்கள் பலர் நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டனர். இது எங்கள் உள்நாட்டு விவகாரம், அந்நியர் தலையிட வேண்டாம் என்று டெல்லி கூறியது. 1946-இல் ஸ்மட்ஸ் பிடித்திருந்த அதே கேடயம், அதனை அன்று உடைத்தவர்களின் கைக்கே வந்திருந்தது.

தென்னாப்பிரிக்காவும் இதற்கு விலக்கன்று. 1995-இல் நைஜீரிய இராணுவ ஆட்சி எழுத்தாளர் கென் சரோ-விவாவைத் தூக்கிலிட்டபோது, அதிபர் மண்டேலா வெளிப்படையாகக் கண்டித்தார். ஆப்பிரிக்க ஒற்றுமையைக் குலைக்கிறார் என்று சக ஆப்பிரிக்கத் தலைவர்களே அவரைக் குறைகூறினர். 2007 ஜனவரியிலோ, மியான்மர் இராணுவ ஆட்சியின் அடக்குமுறைக்கு எதிரான தீர்மானம் ஐ.நா. பாதுகாப்பு மன்றத்துக்கு வந்தபோது, அது அம்மன்றம் பேசத்தக்க பொருளன்று என்று கூறி எதிர்த்து வாக்களித்த நாடுகளில் சுதந்திரத் தென்னாப்பிரிக்காவும் ஒன்று. பேராயர் டெஸ்மண்ட் டுட்டு மனம் நொந்து அதனைக் கண்டித்தார். அதே மியான்மரில் ரோஹிங்யா மக்கள் பட்ட பாட்டை 2017-இல் உலகம் கண்டது.

ஆகவே, "நமக்கென்ன?" என்று கேட்கும் சகோதரரிடம் நாம் வைக்கும் விடை இதுவே. ஒடுக்கப்படுவோர் அழைக்கும்போது பேசுவோம். பேசுவதற்கான செலவில் நம் பங்கையும் கொடுப்போம். நம் நாட்டைக் குறித்தோ நம் சமுதாயத்தின் ஆட்சிகளைக் குறித்தோ வெளியார் நியாயமாகக் கேட்டால் கதவைச் சாத்தாமல் கேட்டுக்கொள்வோம். மூன்றாவதுதான் நமக்குக் கடினம் என்பதை அறிந்தே எழுதுகிறோம்.

இமாமின் வழக்குக்கு மீண்டும் வருவோம். 1970-இல் நடந்த மரண விசாரணை, படிக்கட்டுக் கதையையே ஏறக்குறைய ஏற்றுக்கொண்டது. குடும்பத்தார் விடவில்லை. அவருடைய மனைவி ஐம்பது ஆண்டுகள் காத்திருந்து, 2019 செப்டம்பர் 29 அன்று, கணவரை அடக்கம் செய்த அதே தேதியில் வஃபாத் ஆனார். 2022-இல் விசாரணை மீண்டும் திறக்கப்பட்டது. 2023 அக்டோபரில் கேப்டவுன் நீதிமன்றம் தீர்ப்பளித்தது: இமாம் படிக்கட்டில் விழுந்து இறக்கவில்லை, காவலில் செய்யப்பட்ட சித்திரவதையால் இறந்தார். லண்டன் பேராலயத்தில் கூடியவர்கள் 1969-லேயே அறிந்திருந்ததை அவர் நாட்டு நீதிமன்றம் ஏட்டில் எழுத 54 ஆண்டுகள் ஆயின.